வள்ளிக்கு ஒரு கட்டம்

செத்துப்போனவங்களைக் கண்டுபிடிக்கது லேசு, உசுரோட இருக்கவங்களை ஒத்துக்கிட வைக்கதுதான் பாடு. வம்சாவளி தேடுற தொழில்ல மொத வாரமே இது தெரிஞ்சுபோகும்.

நீங்களும் ஒரு தடவையாவது ஏதாவது ஆபீஸ் வாசல்ல நின்னு, தாத்தாவுக்க பழைய பட்டா நகலுக்கு மனு எழுதிக் குடுத்துட்டு, "அடுத்த வாரம் வாங்க"ன்னு கேட்டுட்டுத் திரும்பி வந்தவங்களாத்தான் இருப்பீங்க. அப்ப நாம ஒரே ஜாதி. தைரியமா மேல படிங்க.

திருவனந்தபுரத்துல பழவங்காடி கோயில்ல இருந்து ரெண்டு சந்து தள்ளி ஷீலா சேச்சியோட டி.டி.பி. கடை. கல்யாணக் கார்டு, விசிட்டிங் கார்டு, ஸ்பைரல் பைண்டிங். அதுக்குக் கீழ சின்ன போர்டு: "குடும்ப மரம் தேடி வரைந்து கொடுக்கப்படும்." வரையது சேச்சி, தேடுறது நான். பேரு பகவதி, எம்.ஏ. ஹிஸ்டரி. "வீட்டுக் கதையெல்லாம் ஹிஸ்டரி ஆகாது"ன்னு ஒரு வாத்தியார் சொன்னாரு. எந்திரிச்சு நின்னு ஒரு பீரியட் முழுக்க சண்டை போட்டேன். அந்தக் கோவம் ஆறாமத்தான் இந்த வேலையில சேந்தேன். இன்னும் ஆறல.

தென்னமரம்

கழக்கூட்டத்துல இருந்து ஒரு சாப்ட்வேர் பையன் வந்தான். கழுத்துல ஆபீஸ் அட்டை, கையில பைக் சாவி. பூர்வீகம் திருநெல்வேலி, நாலு தலைமுறையா இங்க. "எங்க கொள்ளுத்தாத்தா அரண்மனையில பெரிய போஸ்ட் மேடம். ராஜா பேரு எங்கயாவது கூட வந்தா அந்தப் பக்கத்தை மட்டும் கலர்ல எடுத்துருங்க"ன்னான்.

ரெண்டு மாசம் தேடினேன். ராஜா வரல்ல. வந்தது ஒரு தென்னமரம். பக்கத்து வீட்டுத் தென்னை சாஞ்சு வந்து எங்க கூரை ஓட்டை உடைக்குன்னு கொள்ளுத்தாத்தா மூணு மனு குடுத்திருக்காரு. மூணாவது மனுவுல உடைஞ்ச ஓட்டுக்கெல்லாம் நம்பர் போட்டு, எந்தக் காய் எந்த ஓட்டை உடைச்சுதுன்னு வரை எழுதியிருக்காரு. எனக்கு அந்த மனுசனை ரொம்பப் பிடிச்சுப்போச்சு. இந்த வேலையில இருந்தவங்களுக்குத் தெரியும்: ஒழுங்கா அடங்கி ஒடுங்கி வாழ்ந்தவன் எந்தக் கடலாசுலயும், எந்தப் பழைய பேப்பர்லயும் கிடைக்க மாட்டான். சண்டை போட்டவன்தான் கிடைப்பான்.

பையன் நகலை வாசிச்சான். மூஞ்சி தொங்கிப்போச்சு. ராஜா போன துக்கம்னு நினைச்சு நான் ஆறுதலுக்கு வாயைத் தொறக்கதுக்குள்ள கேட்டான்:

"அது கெடக்கட்டும் மேடம், கேஸ் யாரு ஜெயிச்சா?"

ஆம்பிளைக் கட்டம்

ஆறுமுகம் பிள்ளை அண்ணாச்சிக்கு பழவங்காடியில பாத்திரக் கடை. நாஞ்சில் நாட்டுல இருந்து வந்து இங்க காலூன்றின குடும்பம். அடுத்த சித்திரையில அறுபதாம் கல்யாணம். மண்டபத்துல தொங்கவிட ஆளுயரத்துக்கு ஒரு வம்சாவளி சார்ட் வேணும்னு வந்தாரு. உச்சியில அவரு வீட்டுப் பெரிய காரணவர், அந்தக் காலத்துல வீட்டை ஆண்ட மூத்த ஆம்பிளை. "எங்க அப்பாவுக்க அப்பாவாக்கும். அவருல இருந்து எழுது"ன்னு பேரையெல்லாம் கடகடன்னு சொன்னாரு. நானும் கடகடன்னு எழுதினேன். இந்த 'கடகட'வுக்குப் பொறவு நான் பட்ட பாடு இருக்கே, அது வருது.

எழுதி முடிச்சுப் பாத்தா சார்ட்டுல ஒரு பெண்ணு கிடையாது. எல்லாக் கட்டமும் ஆம்பிளை. "அண்ணாச்சி, இந்த ஆளுங்க எல்லாம் மரத்துல காச்சுத் தொங்கினவங்களா? பெத்தது யாரு?"ன்னு கேட்டேன். சேச்சி மேசைக்கு அடியில என் காலை மிதிச்சாங்க. கஸ்டமராச்சே. அண்ணாச்சி கோவப்படல. கஷ்டத்தை எடுத்துச் சொல்லுக மாதிரி சொன்னாரு:

"மக்கா, பொம்பளையளையும் எழுதினா மண்டபத்துக்குச் சுவரு பத்தாதுல்லா."

எதுத்த பிளாட்பாரம்

அந்த சார்ட் மாதிரியை, ஒட்டின தாள் சரியா நிக்கான்னு பாக்கதுக்காக கடைச் சுவர்ல மாட்டியிருந்தோம். ரிட்டயராகப் போற ஒரு டீச்சர், பேரு ஞானசெல்வம், ஸ்கூல் ஆண்டுவிழா நோட்டீஸ் அடிக்க வந்தாங்க. பாறசாலைப் பக்கம், சர்ச்சுக்காரங்க. நோட்டீஸை மறந்துட்டு சார்ட் முன்னாடியே நின்னாங்க. உச்சியில இருந்த வீட்டுப் பேரை விரலால தொட்டாங்க. "இந்தக் காரணவருக்கு வள்ளின்னு ஒரு தங்கச்சி உண்டு. எழுதல்லியா?"

வள்ளி டீச்சரோட அம்மைக்கு அம்மைக்கு அம்மை. வேதத்துல, அதான் கிறிஸ்தவத்துல, சேந்தா. அன்னைக்கே வீட்டுல இருந்து இறக்கி விட்டுட்டாங்க. ஞானஸ்நான ரிஜிஸ்டர் நகலை டீச்சர் பையில இருந்து எடுத்தாங்க. பையிலயே வச்சிருக்காங்க பாருங்க! "சாராள், முன்பேர் வள்ளி." வீட்டுப் பேரு எழுதல்ல. "சொத்து ஒண்ணும் வேண்டாம் பிள்ளே. அந்த மரத்துல அவளுக்கு ஒரு கட்டம் போட்டாப் போதும். அம்மை சாகும்போதும் இதைத்தான் சொன்னா"ன்னாங்க.

அவங்க அம்மை எப்பவாவது அண்ணாச்சி கடைக்குப் போனதுண்டான்னு கேட்டேன். டீச்சர் சிரிச்சாங்க.

"எங்க அம்மை எதுத்த பிளாட்பாரத்துல நின்னு பாப்பா, உள்ள போகமாட்டா. பாத்திரம் வேற கடையிலதான் வாங்குவா. 'சொந்தக்காரங்க கடையில எப்பிடி மக்கா வெல பேச'ம்பா."

ஏணி

பழைய ஆதாரங்களைத் தேடி ரெக்கார்ட் ரூமுக்குப் போனேன். ஆதாரம்னா எங்க பக்கத்துல பத்திரம். அங்க இருந்த கிளார்க், வேணுங்கிற கட்டு மேல் தட்டுல இருக்குன்னாரு. எடுத்துத் தர ஆளு லீவு. நான் ஏறுகேன்னா, "பெண்குட்டிகள் ஏணியில ஏறண்டா"ன்னாரு. சட்டத்துல எந்த செக்ஷன், எழுதித் தாங்க, நான் மேல கேட்டுக்கிடுகேன்னு சொன்னேன். எழுதித் தரல்ல. ஏறினேன். இப்பிடியே பதினாலு நாளு. தும்மித் தும்மி என் மூக்கு தக்காளி மாதிரி ஆயிப்போச்சு.

பதினஞ்சாவது நாளு கிடைச்சுது. அரிச்ச ஓரம், மங்கின மசி, கீழ கைநாட்டு. காரணவரும் அவரு தங்கச்சிமாரு உமையம்மையும் வள்ளியம்மையும் சேந்து எழுதினது. வள்ளிக்கு இனி இந்த வீட்டோட ஒரு பாத்தியதையும் கிடையாதுன்னு. காரணவருக்குப் பொறவு வீடு உமையம்மை மக்களுக்குன்னு இன்னொரு வரி. அந்த ரெண்டாவது வரியை நான் கவனிக்கவே இல்ல. வள்ளியோட பெருவிரலையேதான் பாத்துட்டு நின்னேன். வீட்டை விட்டுத் தொரத்தினதுக்கு எழுதின கடலாசுதான் அவ அந்த வீட்டுல இருந்ததுக்கு ஒரே சாட்சி.

அன்னைக்கு சாயங்காலம் கிளம்பும்போது வேலை முடிஞ்சுது, இனி வரமாட்டேன்னு சொன்னேன். கிளார்க் கண்ணாடிக்கு மேல பாத்தாரு.

"எந்தா மோளே இது? அப்ப நாளைமுதல் நான் ஆரோட வழக்கடிக்கும்?"

எச்சி

ஆதாரத்தை அண்ணாச்சி முன்னாடி விரிச்சேன். ஞானஸ்நான ரிஜிஸ்டரையும் பக்கத்துல வச்சேன். நிதானமாத்தான் வாசிச்சாரு. "செரி. எங்க வீட்டுல ஒரு வள்ளி இருந்தா, போனா. ஆனா இந்த டீச்சருக்க வள்ளி அந்த வள்ளிதான்னு யாரு சொன்னா? வள்ளின்னு பேரில்லாத வீடு நாஞ்சில் நாட்டுல உண்டா?"

நியாயமான கேள்வி. அதான் எரிச்சல். டீச்சரோட மக அமெரிக்காவுல நர்ஸ். கன்னத்துக்குள்ள பஞ்சுக் குச்சியை உரசி அனுப்பினா, அம்மை வழி ஒண்ணா இல்லையான்னு சொல்லுற டெஸ்ட் அங்க வந்திருக்குன்னு அவதான் ரெண்டு கிட் கூரியர்ல அனுப்பினா. வள்ளியில இருந்து டீச்சர் வரை அம்மை, மக, அம்மை, மகன்னு ஒரே சங்கிலி. அதனால இந்த டெஸ்ட் பொருத்தம்னு நான் பெரிய விஞ்ஞானி மாதிரி கடைக்குள்ள பிரசங்கம் பண்ணினேன். டீச்சர் ஒரு குச்சி. அண்ணாச்சி கல்லாவுல உக்காந்தவாக்கில இன்னொரு குச்சி. வெத்திலையைத் துப்பிட்டு வாயைக் கொப்புளிக்க வச்சு, அரை மணிக்கூர் காத்திருந்து, எடுத்தேன். ஏழெட்டுக் கஸ்டமர் வேடிக்கை. அண்ணாச்சி வாயை 'ஆ'ன்னு வச்சுக்கிட்டே எல்லாருக்கும் கேக்கச் சொன்னாரு:

"சுத்தமான காரணவர் வம்சத்து எச்சியாக்கும், கீழ சிந்திராத பிள்ளே."

என் மூஞ்சி

ரெண்டு மாசம் கழிச்சு ரிசல்ட் வந்துது. சேரல. ஒரு இடத்துலயும் சேரல. அண்ணாச்சி கடைப் பையனை விட்டு எங்க கடைக்கு லட்டு குடுத்தனுப்பினாரு, கேட்டீங்களா? டீச்சர் ரிஜிஸ்டர் நகலை நாலா மடிச்சு பையில வச்சுட்டு, "உனக்கு வீணா சிரமம்"னு சொல்லிட்டுப் போனாங்க. திட்டியிருந்தாத் தேவலை. எனக்குச் சண்டை போட வரும், இது வராது.

மேசையில தலையை வச்சுக் கெடந்தேன். ஷீலா சேச்சி லட்டைத் தின்னுக்கிட்டே ஆதாரத்தோட நகலை வாசிச்சாங்க. சேச்சியோட தறவாட்டுல, அதான் பூர்வீகக் குடும்பத்துல, அவங்க தாய்மாமன் காலம் வரை மருமக்கத்தாயம். வீடு அம்மை வழி போகும், ஆளுறது தாய்மாமன், அவருக்குப் பொறவு அவரு மக்களுக்கு இல்ல, சகோதரி மக்களுக்கு. அண்ணாச்சி கூட்டமான நாஞ்சில் வெள்ளாளரும் ஒரு காலத்துல அதே மொறைதான். எனக்குத் தெரியும். பரீட்சையில பத்து மார்க்குக்கு எழுதியிருக்கேன். சேச்சி லட்டுக் கையால அந்த ரெண்டாவது வரியைக் காட்டினாங்க. காரணவருக்குப் பொறவு வீடு உமையம்மை மக்களுக்கு. பொறவு அந்த வீடு யாரு கைக்கு வந்துது? அப்ப உமையம்மை மகன் யாரு? அண்ணாச்சியோட அப்பா! காரணவர் அவருக்கு அப்பா இல்ல, தாய்மாமன். சொத்து வந்த வழியை வச்சு அண்ணாச்சி மாமனை அப்பாவாக்கிட்டாரு. நான் கேக்காம கட்டம் போட்டிருக்கேன், டீச்சர் பக்கத்துச் சங்கிலியை மட்டும் எண்ணிட்டு அண்ணாச்சி பக்கத்தை எண்ணாமலே குச்சியும் எடுத்திருக்கேன். அந்த அம்மை வழி அண்ணாச்சியோட அப்பா வரை வந்து நின்னுபோச்சு. ஆம்பிளை அதைத் தன் பிள்ளைக்குக் குடுக்க முடியாது. அண்ணாச்சி வாயில இருந்தது அவரைப் பெத்த அம்மையோட வழி. அவங்க கட்டிக்கிட்டு வந்தவங்க, வேற வீடு.

சேச்சி விரலை நக்கிட்டுச் சொன்னாங்க:

"எடீ எம்.ஏ.க்காரி, நீ டெஸ்ட் செய்தது அண்ணாச்சியோட வீட்டை அல்ல, அங்ஙேரோட அம்மைக்க வீட்டையாக்கும்."

மைனி

அப்ப யாரு வாயில இருக்கும்? உமையம்மையோட மக வழியில. அண்ணாச்சி அப்பாவுக்கு ஒரே தங்கச்சி, அவங்க இப்ப உசுரோட இல்ல. அவங்களுக்கு ஒரே மக, பார்வதியம்மா. அண்ணாச்சிக்கு அத்தை மக, அவரை விட மூப்பு, அதனால அவருக்கு மைனி. ஸ்ரீவராகத்துக்குப் பக்கத்துல தனியா ஒரு வீடு. டீச்சர் மக அனுப்பின இன்னொரு கிட்டோட நான் போனப்ப குளிமுறியில பைப்பு ஒழுகுதுன்னு பிளம்பரைப் பிடிச்சு வச்சு வறுத்துக்கிட்டு இருந்தாங்க. கண்டதும் எனக்கு ஒரு பாசம்.

விசயத்தைச் சொன்னேன். இது ஒண்ணை மட்டும் வச்சு சத்தியம் பண்ண முடியாது, ஆனா ஆதாரமும் ரிஜிஸ்டரும் கூட நின்னா பலம்னு உள்ளதை உள்ளபடி சொன்னேன். சேராட்டி சேராதுன்னும் சொன்னேன். ஒரு தடவை தப்புக் கணக்கு பாத்து சூடு பட்டவ நான். அவங்க கேட்டது ஒண்ணுதான்: "ஆறுமுகம் அடிக்க சார்ட்டுல என் பேரு உண்டா?" இல்லைன்னேன். "என் அம்மை பேரு?" அதுவும் இல்லை. உமையம்மை பேரு? நான் தலையைக் குனிஞ்சேன். வரைஞ்சது நம்ம கடைதானே. பார்வதியம்மா பிளம்பரைப் பாத்து நில்லுன்னு கையைக் காட்டிட்டு, என் பக்கம் திரும்பி வாயைத் தொறந்தாங்க.

"குச்சியை வையி பிள்ளே. ரெண்டு பக்கமும் நல்லா தேய்ச்சு எடு."

விருந்து

ரிசல்ட் அறுபதாம் கல்யாணத்துக்கு ஒரு வாரம் இருக்கும்போது வந்துது. டீச்சரும் பார்வதியம்மாவும் அச்சு அசலா ஒண்ணு. நான் கடைக்குள்ள கூவின கூவல்ல ஜெராக்ஸ் எடுக்க வந்த ஒரு ஆளு பயந்து வெளிய போயிட்டாரு. அண்ணாச்சி கிட்ட எடுத்துட்டு ஓடினேன். ஆதாரம், ரிஜிஸ்டர், ரிசல்ட் மூணையும் வாசிச்சாரு. ரொம்ப நேரம் வாசிச்சாரு. அப்புறம் தராசைத் தொடைக்க ஆரம்பிச்சாரு. "சடங்கு நேரம். பழைய சார்ட்டே போதும்"னாரு. நானும் சேச்சியும் ரெண்டாவது ஒண்ணும் அடிச்சோம், எங்க சொந்தப் பேப்பர்ல. சுருட்டி எடுத்துக்கிட்டே மண்டபத்துக்குப் போனோம்.

மேடைப் பக்கத்துல பழைய சார்ட் துணி மூடி நிக்குது. பார்வதியம்மா டீச்சரைக் கையைப் பிடிச்சுக் கூட்டிட்டு நேரா மொத வரிசைக்கு வந்தாங்க. நான் அண்ணாச்சி முன்னாடி போயி சுருளை நீட்டினேன். மாலையும் கழுத்துமா இருந்த மனுசன் பல்லைக் கடிச்சு, "இது எங்க வீட்டு விசயம். வெளியாளு எடையில வரண்டாம்"னாரு. எனக்கு வாய் வரை வந்துது. வர்றதுக்குள்ள பார்வதியம்மா எந்திரிச்சுட்டாங்க. சத்தம் போடல. ஆனாலும் நாகஸ்வரக்காரர் கூட நிறுத்திட்டாரு.

"ஆமாலே ஆறுமுகம், வீட்டு விசயந்தான். நம்ம பழைய மொறைப்படி பாத்தா அந்த வீட்டுக்காரங்க நானும் இந்த டீச்சரும். நீ எங்க மாமனுக்க மவன், விருந்துக்கு வந்தவன். வந்தது சந்தோசம், இருந்து சாப்பிட்டுட்டுப் போ."

ஹாஜர்

மொதல்ல சிரிச்சது அண்ணாச்சியோட பொண்டாட்டிதான். பக்கத்துல மணப்பொண்ணு கோலத்துல உக்காந்துக்கிட்டு, மாலையெல்லாம் குலுங்கச் சிரிச்சாங்க. அப்புறம் மண்டபமே சிரிச்சுது. அண்ணாச்சி என்னைப் பாக்கல. பந்தல்காரனைக் கூப்பிட்டு, "அந்தப் புள்ள கையில இருக்கதை மாட்டு"ன்னாரு.

மாட்டினாங்க. உச்சியில காரணவர், ரெண்டு பக்கமும் உமையம்மை, வள்ளியம்மை. மூணு கட்டமும் ஒரே அளவு. நான் ஸ்கேல் வச்சுப் பாத்தவ. வள்ளியம்மைக்குக் கீழ சாராள்னும் இருக்கு. மரத்துல முப்பத்தெட்டுப் பொம்பளைங்க. மண்டபத்துச் சுவரு தாராளமாப் பத்திச்சு. டீச்சர் சார்ட் கிட்ட போயி, முப்பது வருச வழக்கத்துல கிளாஸ்ல பேரு கூப்பிடுற மாதிரி மேல இருந்து ஒண்ணு ஒண்ணா வாசிச்சாங்க. வள்ளியம்மைங்கிற பேரு வந்ததும் குரலு நின்னுபோச்சு. பின்னாடி இருந்து பார்வதியம்மா பதில் சொன்னாங்க:

"வந்தாச்சு டீச்சரே, வந்தாச்சு."

இட்லிக் கொப்பரை

அண்ணாச்சி மாறிட்டாருன்னு நான் எழுதினா நீங்க நம்பவும் மாட்டீங்க. பத்து நாளு எங்க கடைப் பக்கம் வரல்ல. பதினோராம் நாளு டீச்சர் என்னையும் கூட்டிக்கிட்டு, எதுத்த பிளாட்பாரத்துல கொஞ்சம் நின்னுட்டு, ரோட்டைக் கடந்து அவரு கடைக்குள்ள ஏறினாங்க. ஒரு இட்லிக் கொப்பரையை எடுத்தாங்க. தட்டிப் பாத்தாங்க. வெலை கேக்கல. அண்ணாச்சியும் சொல்லல. ரெண்டு பேரும் கொப்பரையையே பாத்துட்டு நிக்காங்க. கடைசியில அவரே அதைப் பேப்பர்ல பொதிஞ்சு, கயிறு கட்டி, டீச்சர் கையில குடுத்தாரு. "வீட்டு ஆளு கிட்ட வெலை எப்பிடிச் சொல்ல"ன்னு முணுமுணுத்தாரு. எதுத்த பிளாட்பாரத்துல நின்ன அந்த அம்மை சொன்னதையே, அவங்களை அறியாத இந்த மனுசன் இந்தப் பக்கத்துல இருந்து சொல்லுகாரு! நான் அழமாட்டேன். அன்னைக்குத் தூசி ஜாஸ்தி.

டீச்சர் படி இறங்கி ரோட்டைக் கடந்து போனாங்க. அண்ணாச்சி அவங்களையே பாத்துக்கிட்டு நின்னாரு. அப்புறம் கல்லாவுல இருந்து என் பக்கமாக் குனிஞ்சு, ரகசியமாக் கேட்டாரு:

"பகவதி, வள்ளி வழியில மொத்தம் எத்தனை பேரு மக்கா? சும்மா கேட்டேன்."

இந்தப் பிள்ளைக்கு வாயும் கர்வமும் கூடுதல்னு இன்னும் சொல்லிக்கிட்டுத் திரியவங்களுக்கு ஒரு தகவல்: ரெண்டும் என் சொந்தச் சம்பாத்தியம் இல்ல, சுத்தமான அம்மை வழி, வேணும்னா ஒரு குச்சி எடுத்துட்டு வந்து பாத்துக்கிடுங்க.